உங்களுக்குத் தெரியுமா? பீச்–தாம்பரம் ரயிலில் இத்தனை அதிசயமா!

தினமும் ஏறுகிறீர்கள். கைப்பிடியில் தொங்குகிறீர்கள். கிண்டி வந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே விழுகிறீர்கள். தலைக்கு மேலே ஓடுகிற அந்தக் கம்பியை ஒருநாளாவது அண்ணாந்து பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். அன்றிலிருந்து தூக்கம் போச்சு! தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கிறது. அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன், பிடித்துக்கொள்ளுங்கள்!

சென்னையில் மின்சார ரயிலில் பொதுமக்கள் ஏறத் தொடங்கிய நாள் எது தெரியுமா? 1931 மே 11! பீச் முதல் தாம்பரம் வரை!

இந்தியாவில் மின்சாரப் புறநகர் ரயில் கண்ட முதல் நகரம் பம்பாய். 1925 பிப்ரவரி 3, விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு. சரி, முதல் பரிசு அவர்களுக்கே. இரண்டாவது யார்? நாமேதான்!

அப்படியென்றால் கல்கத்தா? பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராகவே இருந்த ஊராயிற்றே! அங்கே நேரு வந்து ஹவுரா–ஷியோராஃபுலி மின்சார ரயிலைத் தொடங்கி வைத்தது 1957 டிசம்பரில்தான். நம்மைவிட 26 வருடம் லேட்!

இன்னும் கேளுங்கள். மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடியது இந்தியா முழுக்க ஒரே ஒரு தடத்தில்தான். பம்பாயில் கிடையாது. கல்கத்தாவில் கிடையாது. நம் பீச்சில் தொடங்கி தாம்பரம் வழியாகப் பின்னாளில் விழுப்புரம் வரை நீண்ட அந்தத் தடம் மட்டும்தான்!

இதற்கெல்லாம் முன்னாலேயே மெட்ராஸ்காரன் மின்சார டிராமில் ஏறிவிட்டான். 1895 மே 7! கல்கத்தாவில் மின்சார டிராம் வந்தது 1902. பம்பாயில் 1907. ரயிலில் கோட்டைவிட்ட முதலிடத்தை டிராமில் முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கிறோம்!

பம்பாயின் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய தேதி? மே 7! அதே தேதி, 12 வருடம் கழித்து! (இதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.)

மெட்ராஸ் டிராமுக்குத் தொடக்கத்தில் தலைக்கு மேலே கம்பி கிடையாது. மின்சாரம் வந்தது தரைக்கு அடியிலிருந்து! மழைக்காலம் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்த பிறகுதான் கம்பியை மேலே தூக்கினார்கள்!

1931ல் பீச்–தாம்பரம் கம்பியில் ஓடியது 1,500 வோல்ட், டி.சி. மின்சாரம். இன்று ஓடுவது 25,000 வோல்ட், ஏ.சி.! உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் 230 வோல்ட். போட்டுப் பாருங்கள் கணக்கை. 100 மடங்குக்கும் மேல்!

அந்த மாற்றம் எப்போது நடந்தது தெரியுமா? 1967 ஜனவரி! பம்பாய் தன் பழைய 1,500 வோல்ட்டை விட்டு முழுசாக வெளியே வந்தது எப்போது? 2016 ஏப்ரல்! அதாவது 49 வருடம் நாம் முன்னே! முதல் பரிசு வாங்கியவர்கள் கடைசியாக மாறினார்கள். இரண்டாம் பரிசுக்காரர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே மாறிவிட்டோம். இதை நான் மும்பைக்காரர் ஒருவரிடம் சொன்னேன். பேச்சையே மாற்றிவிட்டார்!

தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர்கேஜில் கம்பி போட்டபோது இன்ஜின் எங்கிருந்து வந்தது? ஜப்பானிலிருந்து கப்பலில்! மொத்தமே 20 இன்ஜின்கள். அதே ரகம் உலகில் வேறு எங்கும் ஓடியதே இல்லை. ஏனென்றால் செய்ததே இந்த ஒரு தடத்துக்காக!

எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போன பழைய மீட்டர்கேஜ் பயணிகளைக் கேட்டுப் பாருங்கள். விழுப்புரம் என்றதும் என்ன சொல்வார்கள்? "இன்ஜின் மாத்துவான் சார், இறங்கி நிதானமா டீ குடிக்கலாம்!" கம்பி அங்கே முடிந்தது. கரண்ட் இன்ஜின் கழன்று, வேறு இன்ஜின் வந்து மாட்டும். அந்த டீக்குக் காரணம் 25,000 வோல்ட்!

பீச்–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயில் கடைசியாக ஓடியது 2004ல். 1931லிருந்து எண்ணினால் 73 வருடம்!

மீட்டர்கேஜ் தண்டவாள அகலம் 1,000 மில்லிமீட்டர். பிராட்கேஜ் 1,676. சென்னை ரயில் ஒரே தாவலில் 676 மில்லிமீட்டர் அகலமாகிவிட்டது! கூட்டம் மட்டும் அதே நெருக்கம்தான். அது எப்படி என்று கேட்காதீர்கள்.

சென்ட்ரல் பக்கம் என்ன கதை? கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் மின்சாரப் புறநகர் ரயில் வந்தது 1979ல். தாம்பரத்துக்காரர்கள் 48 வருடம் அனுபவித்த பிறகு! வட சென்னைக்காரர்கள் கோபப்பட வேண்டாம். உங்களுக்கும் வைத்திருக்கிறேன் ஒன்று.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது எங்கிருந்து? சென்ட்ரலும் இல்லை, எழும்பூரும் இல்லை. ராயபுரம்! 1856 ஜூலை 1, வாலாஜா ரோடு வரை. நாட்டில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடமும் அதுதான்! அன்று புகை கக்கிக்கொண்டு கிளம்பிய அதே ராயபுரத்தில் இன்று இருப்பது என்ன? மின்சார இன்ஜின் ஷெட்!

இப்போது கம்பி. என் தூக்கத்தைக் கெடுத்த கம்பி!

அதன் கனம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 12 மில்லிமீட்டர்தான்! உங்கள் சுண்டுவிரல் அளவு செம்பு. 12 பெட்டி, ஆயிரக்கணக்கான ஜனம், ஆளுக்கொரு டிபன் பாக்ஸ், எல்லாவற்றையும் இழுக்கும் சக்தி அந்தச் சுண்டுவிரல் வழியாகத்தான் வருகிறது!

தண்டவாளம் நேராக ஓடும் இடத்தில் கம்பியும் நேராகத்தானே ஓடும்? இல்லவே இல்லை! வளைந்து வளைந்து ஓடுகிறது! ஒரு கம்பத்தில் நடுக்கோட்டுக்கு இடப்புறம் 20 சென்டிமீட்டர், அடுத்த கம்பத்தில் வலப்புறம் 20 சென்டிமீட்டர். நேராகப் போட்டால் ரயிலின் கூரையில் உரசும் பட்டை ஒரே இடத்தில் தேய்ந்து, அறுபட்ட சோப்பு மாதிரி பள்ளம் விழுந்துவிடும். அதனால் வேண்டுமென்றே கோணல்! யாரோ பொறியாளர் ஒழுங்காகப் போட்ட கோணல்! இதை நான் நம்பவில்லை. மாம்பலம் நடைமேம்பாலத்தில் நின்று பார்த்தேன். பின்னால் வந்தவர் திட்டினார். ஆனால் கோணல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது!

சில கம்பங்களில் வட்ட வட்டமாக எடைக்கற்கள் தொங்குகின்றனவே, பார்த்ததுண்டா? அலங்காரம் இல்லை! வெயிலில் கம்பி நீளும், குளிரில் சுருங்கும். எடை ஏறி இறங்கி எப்போதும் விறைப்பாகவே வைத்திருக்கும். மேல்கம்பி, கீழ்க்கம்பி இரண்டையும் சேர்த்து இழுக்கும் விசை 2 டன்! மோட்டார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. வெறும் எடைக்கல்!

ஓடும் ரயிலில் திடீரென்று ஃபேன் தளர்ந்து, விளக்கு ஒரு நொடி கண் சிமிட்டுகிறதா? கோளாறு என்று நினைத்தீர்களா? வழியில் கரண்டே இல்லாத துண்டுக் கம்பி ஒன்று வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள்! ஒரு துணைமின் நிலையத்தின் மின்சாரம் இன்னொன்றோடு முட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா? அந்தத் துண்டை ரயில் ஓடிய வேகத்திலேயே சறுக்கிக் கடக்கிறது. சில நொடிகள் நீங்கள் போவது மின்சாரமே இல்லாத மின்சார ரயிலில்!

ரயில்வே கேட்டில் சாலைக்கு இருபுறமும் ஒரு இரும்புச் சட்டம் குறுக்கே நிற்கும். உயரம் 4.67 மீட்டர். அதில் இடிக்காத லாரிதான் கம்பிக்கு அடியில் போகலாம். வைக்கோல் லாரிக்காரருக்கு மட்டும் மனப்பாடமான எண் இது!

கம்பியில் காக்கா உட்கார்ந்தால்? ஒன்றும் ஆகாது! அதே காக்கா இறக்கையை விரித்துக் கம்பத்தையும் சேர்த்துத் தொட்டால்? டப்! 12 பெட்டி ரயில் நடுவழியில் நிற்கும்!

மின்சார ரயிலுக்கு இன்ஜின் எங்கே? தேடாதீர்கள், கிடையாது! மூன்று பெட்டிக்கு ஒரு பெட்டி தன் வயிற்றிலேயே மோட்டாரைச் சுமக்கிறது. 9 பெட்டி என்றால் 3 மோட்டார் பெட்டி. 12 என்றால் 4. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை. அதனால்தான் தாம்பரத்தில் வண்டி திரும்பவே திரும்பாது, ஓட்டுநர் மட்டும் நடந்து மறுமுனைக்குப் போவார்!

மூன்று மூன்றாகக் கோத்த இந்த அமைப்புக்கு யூனிட் என்று பெயர். அரக்கோணம், திருவள்ளூர் பக்கம் போய்க் கேளுங்கள். யாரும் மின்சார ரயில் என்று சொல்ல மாட்டார்கள். "யூனிட் வந்துடுச்சா?" என்பார்கள்! தொழிற்சாலை வார்த்தை தெருவுக்கு வந்துவிட்டது!

இனி ஸ்டேஷன் பெயர்கள். இங்கேதான் கூத்தே!

பீச் ஸ்டேஷனில் இறங்கி பீச்சைத் தேடியிருக்கிறீர்களா? கிடைக்காது! எதிரே துறைமுகம். துறைமுகம் கட்டியதும் கடல் கிழக்கே நகர்ந்து போயிற்று. பெயர் மட்டும் நகர மறுத்துவிட்டது!

சென்ட்ரலுக்குப் பக்கத்தில் புறநகர் ரயில் கிளம்பும் இடத்தின் அதிகாரப் பெயர் என்ன? மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்! மூர் மார்க்கெட் எரிந்து போனது 1985ல். இல்லாத மார்க்கெட்டுக்கு இன்னமும் தினமும் டிக்கெட் கிழிக்கிறார்கள்!

மாம்பலத்தில் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் லேக் வியூ ரோடு. லேக் எங்கே? அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் கட்டினார்கள், 1920களில்! இன்று அங்கே அலை அடிப்பது தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மட்டும்!

குரோம்பேட்டைக்குப் பெயர் எப்படி வந்தது? ஏதாவது ராஜா? கோயில்? இல்லை! குரோம் லெதர் கம்பெனி! தோல் பதனிட்ட தொழிற்சாலையின் பெயரில் ஒரு ஊரே உருவாகிவிட்டது!

அடுத்த ஸ்டேஷன் அதைவிட வியப்பு. சானடோரியம்! காசநோய்க்காரர்கள் சுத்தமான காற்றைச் சுவாசிக்க 1928ல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய மருத்துவமனை. தோல் தொழிற்சாலைக்கு அடுத்த நிறுத்தத்தில் சுத்தக் காற்று!

வியாசர்பாடி ஜீவா. அந்த ஜீவா யார்? பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம்! பெரம்பூரோ ஒரு பெயரில் அடங்கவில்லை. பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்று மூன்று ஸ்டேஷன்!

ஆவடியைத் தாண்டினால் இந்துக் கல்லூரி என்று ஒரு ஸ்டேஷன். இன்னும் கொஞ்சம் போனால் பட்டாபிராம் மிலிட்டரி சைடிங். ராணுவத்துக்குப் போட்ட கிளைத் தண்டவாளத்தில் கத்தரிக்காய்க் கூடையோடு புறநகர் ரயில் போய் நிற்கிறது!

வட சென்னைக்கு வைத்திருக்கிறேன் என்றேனே, இதோ. உலகத்தில் எத்தனை ஊர்க்காரர்களால் லோக்கல் ரயில் ஏறி ராக்கெட் ஊர் வாசல்வரை போக முடியும்? நம்மால் முடியும்! சென்ட்ரலில் ஏறினால் கும்மிடிப்பூண்டி தாண்டி, மாநில எல்லை தாண்டி, ஆந்திராவின் சூளூர்பேட்டை வரை! 80 கிலோமீட்டருக்கும் மேல்! அங்கே இறங்கினால் அடுத்தது ஸ்ரீஹரிகோட்டா! தாம்பரம் லைனில் இது உண்டா?

சென்ட்ரலையே நிறுத்தி வைக்கும் சக்தி யாரிடம் இருக்கிறது? ஒரு சின்னப் பாலத்திடம்! பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே 14ஆம் எண் பாலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் அதைத் தொட்டது. வண்டிகள் வரிசையாக ரத்து! 25,000 வோல்ட்டை ஜெயித்தது கால்வாய்த் தண்ணீர்!

பீச்சில் கிளம்பி, தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் என்று சுற்றி மறுபடி பீச்சுக்கே வந்து சேரும் ரயில் தெரியுமா? 2019ல் வந்தது! இந்த வட்டத்தை மூட விடாமல் பல காலம் தடுத்தது என்ன தெரியுமா? பணமா? இல்லை. கோர்ட்டா? இல்லை. விமானம்! அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்தின் ஓடுபாதை, இந்த வட்டத்தில் வரும் தக்கோலம்–அரக்கோணம் ரயில்பாதைக்குப் பக்கத்திலேயே இருந்தது. விமானம் தாழப் பறந்து இறங்கும் இடத்தில் மின்கம்பம் நட முடியுமா? ஓடுபாதையை நகர்த்த முடியாது. என்ன செய்தார்கள்? தண்டவாளத்தையே தள்ளிப் போட்டார்கள்!

பறக்கும் ரயில்! இந்தப் பெயரை வைத்தவருக்கு ஒரு சால்வை போர்த்த வேண்டும். தூண்மேல் ஓடும் ரயில்பாதை இந்தியாவில் முதன்முதலில் வந்தது எங்கே? டெல்லியா? சென்னை! 1995 நவம்பர் 1, பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை!

அப்புறம் பறந்த வேகத்தைப் பாருங்கள். மயிலாப்பூருக்கு 1997. திருவான்மியூருக்கு 2004. வேளச்சேரிக்கு 2007. 19 கிலோமீட்டரைப் பறந்து கடக்க 12 வருடம்! நத்தை ஒன்று இதைப் படித்தால் மீசையை முறுக்கும்!

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். 2008ல் வேலை தொடங்கியது. கடைசி 500 மீட்டர் நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் தூண்கள் அந்தரத்தில் நின்றன. அரை கிலோமீட்டர்! நடந்தால் ஏழு நிமிடம்!

முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷன் திறந்தது 2014ல். ஆனால் அந்த இடத்தைத் தாண்டி ரயில் ஓடியது 1997லிருந்து! 17 வருடம் அம்மன் சன்னதி பக்கமாக நிற்காமல் ஓடிய ரயில் கடைசியில் நின்று கும்பிட்டது!

பீச்–எழும்பூர் நாலாவது பாதை. நீளம் 4.3 கிலோமீட்டர். இதற்காகப் பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்டில் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். "ஏழே மாதம்" என்றார்கள். மறுபடி பீச் வரை வந்தது 2024 அக்டோபர் 29! 14 மாதம்! சொன்னதற்குச் சரியாக இரண்டு மடங்கு. கணக்கு சுத்தம்!

இப்போது என் பெருமைக்குரிய கண்டுபிடிப்பு.

மும்பையின் முதல் ஏ.சி. லோக்கல் ஓடியது 2017 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று. நாட்டிலேயே முதல் ஏ.சி. புறநகர் ரயில்! மும்பைக்காரர்கள் செல்ஃபி எடுத்துத் தள்ளினார்கள். அந்த ரயில் செய்யப்பட்டது எங்கே? பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில்!

சென்னைக்கு முதல் ஏ.சி. மின்சார ரயில் எப்போது வந்தது? 2025 ஏப்ரல் 19! ஏழு வருடத்துக்கும் மேல் காத்திருந்தோம். அதையும் செய்தது யார்? அதே பெரம்பூர்! பந்தி பரிமாறியவர் வீட்டில் கடைசிப் பந்தி!

கல்கத்தா மெட்ரோ, நாட்டின் முதல் மெட்ரோ, 1984ல் ஓடியதே, அந்தப் பெட்டிகள்? அவையும் பெரம்பூர்! மும்பையில் கதவோரம் தொங்கிக்கொண்டு போகிற லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தாங்கள் தொங்குவது பெரும்பாலும் சென்னைக் கம்பியில் என்று?

ஏ.சி. ரயிலின் அறிமுகக் கட்டணம் குறைந்தது 35 ரூபாய். சாதா ரயிலில் 5 ரூபாய். காற்றுக்கு மட்டும் 30 ரூபாய்! சாதா ரயிலில் கதவோரம் நின்றால் அதே காற்று இலவசம். (நிற்காதீர்கள்!)

கடைசியாக ஒன்று. இதை எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை, நானே விரல் விட்டு எண்ணினேன். 1931ன் பழைய பாதை, பீச்சிலிருந்து தாம்பரம்: பீச், கோட்டை, பார்க், எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம் என்று தொடங்கி, சானடோரியம் தாண்டி தாம்பரம் வரை இன்று மொத்தம் 18 ஸ்டேஷன். பறக்கும் பாதை, அதே பீச்சிலிருந்து வேளச்சேரி: கோட்டை, பார்க் டவுன், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம் என்று போய், தரமணி, பெருங்குடி, வேளச்சேரி. எண்ணுங்கள். விட்டுவிடாமல் முண்டகக்கண்ணியம்மனையும் சேர்த்து எண்ணுங்கள்.

18!